பல் மாதிரி வார்க்கும் முறை: தண்ணீர் அளவிலிருந்து தொடங்குவோம்

மதுரையில் எங்கள் டென்டல் லேபுக்கு வேலை கற்க வருகிறவர்களிடம் முதல் நாளில் நான் கொடுப்பவை மூன்று: ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, மருந்துக் கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்ச், விநாடி முள் உள்ள கடிகாரம். ரப்பர் கிண்ணமும், கலக்கும் கரண்டியான ஸ்பாச்சுலாவும் அடுத்த நாள்தான் கைக்கு வரும். இது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. வீட்டில் தோசை மாவைக் கண்ணளவில் கரைத்துப் பழகிய கை, இங்கேயும் கண்ணளவே போதும் என்று நம்புகிறது. ஆனால் ஒரு பல் மாதிரி எந்த இடத்தில் கெட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், அந்தத் தேடல் பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் முடிகிறது. மாதிரி வார்க்கும் மாவில் கூடுதலாக ஊற்றிய தண்ணீர், அச்சின் பள்ளத்தில் தேங்கி நின்ற தண்ணீர், வழியில் அச்சிலிருந்து ஆவியாகிப் போன தண்ணீர், மழைக்காலத்தில் யாருக்கும் தெரியாமல் மூட்டைக்குள் புகுந்த ஈரம் என அது வெவ்வேறு வேடத்தில் வரும்.

பல் மருத்துவர் ஆல்ஜினேட் என்னும் கூழ்ப்பொருளில் நோயாளியின் பற்களைப் பதித்து எடுத்து அனுப்பும் அச்சிலிருந்து, டென்டல் ஸ்டோன் என்னும் கல்லாக இறுகும் மாவில் மாதிரி ஒன்றை வார்ப்பது எப்படி என்பதை இங்கே வரிசையாக விளக்குகிறேன்.

மாவைத் தெரிந்துகொள்ளுதல்

ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சூடாக்கி, அதன் படிகத்தில் கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கை வெளியேற்றினால் கிடைப்பதே நாம் பயன்படுத்தும் மாவு. தண்ணீர் சேர்த்ததும் அது இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஊசி போன்ற படிகங்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, கல்லாக இறுகுகின்றன. திறந்த கொப்பரையில் வறுத்தெடுத்தால் துளைகள் நிறைந்த, ஒழுங்கற்ற துகள்கள் கிடைக்கும்; அதுதான் வெள்ளை பிளாஸ்டர். அழுத்தத்தில் நீராவியால் வேகவைத்தால் அடர்த்தியான, சீரான துகள்கள் கிடைக்கும், அதுதான் ஸ்டோன். இரண்டும் வேதியியலில் ஒரே பொருள்தான் என்றாலும், துகளின் வடிவம் மாறுவதால் அவை கேட்கும் தண்ணீரின் அளவு மாறிவிடுகிறது.

ஐஎஸ்ஓ 6873 என்னும் பன்னாட்டுத் தரம் இந்த மாவுகளை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகையான மாடல் பிளாஸ்டருக்கு 100 கிராமுக்கு 45 முதல் 50 மில்லி, மூன்றாம் வகையான டென்டல் ஸ்டோனுக்கு 28 முதல் 30 மில்லி, நான்காம் வகையான டை ஸ்டோனுக்கு 22 முதல் 24 மில்லி தண்ணீர் தேவைப்படும். நீங்கள் வாங்கிய பையின் மீது வேறு அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வேதிவினைக்கு உண்மையில் வேண்டியது 100 கிராமுக்கு 18.6 மில்லி மட்டுமே. மீதித் தண்ணீர் கலவை ஓடுவதற்காகச் சேர்ப்பது. அது பின்னர் ஆவியாகி, தான் இருந்த இடத்தை ஓட்டைகளாக விட்டுச்செல்லும். தண்ணீர் கூடக் கூட மாதிரி வலுவிழப்பதற்கு இதுதான் காரணம்.

தண்ணீரைக் குறைத்தால் வலு கூடுமே என்று சிலர் எதிர்க்கணக்குப் போடுவார்கள். வலு கூடும்தான், ஆனால் கலவை விரைந்து இறுகுவதோடு, இறுகும்போது அதிகமாக விரியவும் செய்யும். ஸ்டோனுக்குத் தரம் அனுமதிக்கும் விரிவு 0.20 சதவீதம் வரை. ஒரு பக்கத்துக் கடைவாய்ப்பல்லிலிருந்து மறுபக்கத்துக் கடைவாய்ப்பல் வரை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த விரிவு 0.1 மில்லிமீட்டர் ஆகிறது. விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே கம்பியாக ஓடும் ஒரு பல் செட்டுக்கோ அது முழு இடைவெளியையும் தின்றுவிடக்கூடிய அளவு.

மாவை ஈரம் புகாத மூடியுள்ள டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடந்த மூட்டை முதலில் வழக்கத்தைவிட வேகமாக இறுகத் தொடங்கும். ஈரம் இன்னும் ஏறினால் இறுகவே தாமதிக்கும். அந்த மாதங்களில் ஒவ்வொரு காலையும் 20 கிராம் மட்டும் கலந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சோதித்துவிடுவது என் வழக்கம்.

அச்சு வந்தவுடன்

ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாக் கரையில் ராமநாதபுரம் மாவட்டத்து மக்கள் அரித்தெடுக்கும் பாசி வகைகளிலும் அது உண்டு. இறுகிய ஆல்ஜினேட்டின் பெரும்பகுதி தண்ணீரே என்பதால், காற்றுப் பட்டால் சுருங்கும், தண்ணீரில் கிடந்தால் ஊறி உப்பும். எனவே வாயிலிருந்து எடுத்த 10 முதல் 15 நிமிடங்களுக்குள் ஊற்றிவிடுவதே சரியானது. அது முடியாதபோது, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து சுற்றி, மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்துச் சிறிது நேரம் காக்கலாம். அதற்கு மேல் எந்தத் தந்திரமும் உதவாது.

இதை நான் கற்றது ஒரு சித்திரை மாத வெயிலில். வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து பேருந்தில் பார்சலாக வந்த அச்சு, செய்தித்தாளில் சுற்றப்பட்டு, தொட்டால் ஓரங்கள் தோல்போல் காய்ந்திருந்தன. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் நோயாளி இன்னொரு முறை வர வேண்டுமே என்ற தயக்கத்தில் ஊற்றிவிட்டேன். மாதிரி பார்வைக்கு அழகாகவே வந்தது. அதன்மேல் செய்த பல் செட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது. வாயில் வைத்தபோதுதான் ஒரு பக்கம் தூக்கி நின்றது. அந்த நோயாளி ஒரு முறைக்குப் பதிலாக மூன்று முறை வர வேண்டியதாயிற்று. வெளியூரிலிருந்து அச்சு வர வேண்டியிருந்தால், ஆல்ஜினேட்போல் காய்ந்து சுருங்காத சிலிக்கோனில் எடுத்து அனுப்பும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது அங்கேயே ஊற்றி மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள்.

அச்சைக் கையுறை அணிந்தே தொட வேண்டும். முதலில் ஓடும் குழாய்த் தண்ணீரில் எச்சிலும் இரத்தமும் போகும்வரை கழுவுங்கள். இவை ஸ்டோன் இறுகுவதைத் தடுத்து, பல்லின் மேற்பரப்பைச் சுண்ணாம்புபோல் உதிரச் செய்யும். வழவழப்பு போகவில்லை என்றால் சிறிது ஸ்டோன் மாவைத் தூவி, மென்மையான தூரிகையால் தடவிக் கழுவினால் எச்சில் அதோடு சேர்ந்து வந்துவிடும். பிறகு கிருமி நீங்க 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 10 நிமிடம் வைத்து, மீண்டும் கழுவி, உதறுங்கள். பள்ளங்களில் தேங்கிய நீரைக் காற்றை மெதுவாக ஊதி வெளியேற்றுங்கள். மேற்பரப்பின் நீர்ப் பளபளப்பு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஊதினால் ஆல்ஜினேட்டையே உலர்த்துவதாகிவிடும். அச்சைத் தாங்கும் கைப்பிடித் தட்டான டிரேயை மேசைமேல் மல்லாக்க வைத்தால் பின்பக்கம் பிதுங்கிய ஆல்ஜினேட் அழுந்தி வளையும் என்பதால், கைப்பிடியைப் பற்றித் தொங்கவிடும்படியான தாங்கி ஒன்று செய்துகொள்வது நல்லது.

கலத்தல்

பற்களுக்கு மட்டும் ஊற்ற 100 கிராம் ஸ்டோனும் 30 மில்லி தண்ணீரும் போதும். தண்ணீர் சாதாரண அறை வெப்பத்தில் இருக்கட்டும். மாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றினால், கலவை உங்கள் கை வேகத்தை முந்திக்கொண்டு இறுகும். மதுரையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புத்தன்மை உடையது. கரைந்த உப்புகளும் இறுகும் நேரத்தை மாற்றுவதால், வடித்த நீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்துங்கள்.

கிண்ணத்தில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் மாவைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். மாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக் கட்டி கட்டியாகும். தூவிய மாவு தானாக நனைந்து அமிழ்வதற்குச் சுமார் 15 விநாடி விட்டுவிட்டு, ஸ்பாச்சுலாவைக் கிண்ணத்தின் சுவரோடு ஒட்டித் தேய்த்தபடி, விநாடிக்கு இரண்டு சுற்று வீதம் 45 முதல் 60 விநாடி வரை கலக்குங்கள். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் நுரைதான் வரும். வெற்றிடக் கலவை இயந்திரம் இருந்தால் 20 முதல் 30 விநாடி போதும்.

கலவை சரியாக இருக்கும்போது பளபளப்பாக, கட்டியில்லாமல், கரண்டியைத் தூக்கினால் சட்டென்று ஒழுகாமலும், தட்டினால் மட்டும் நகரும்படியும் இருக்கும். கெட்டியாகத் தோன்றுகிறதே என்று இடையில் தண்ணீர் சேர்ப்பதும், நீர்த்துவிட்டதே என்று ஒரு பிடி மாவு போடுவதும்தான் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. படிகங்கள் வளரத் தொடங்கிய பிறகு செய்யும் எந்தத் திருத்தமும் அவற்றை உடைக்கும். அளவு தவறியிருந்தால் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். 100 கிராம் ஸ்டோனின் விலை, கெட்ட மாதிரியின்மேல் செலவாகும் உழைப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கலந்து முடித்ததும் கிண்ணத்தை, அதிரும் மேடையான வைப்ரேட்டர்மேல் அழுத்திப் பிடித்தால் குமிழ்கள் மேலெழுந்து வெடிக்கும்.

ஊற்றுதல்

வைப்ரேட்டரைக் குறைந்த வேகத்தில் வைத்து, டிரேயின் கைப்பிடியை அதன்மேல் அழுத்தியபடி, ஒரு பக்கத்துக் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் பட்டாணி அளவு கலவையை விடுங்கள். அது தானாக நகர்ந்து முதல் பல்லின் அடிப்பள்ளத்தை நிரப்பி, காற்றை முன்னே தள்ளிக்கொண்டு அடுத்த பல்லுக்குள் இறங்கும். எல்லாத் துளிகளையும் அதே இடத்திலிருந்தே விட வேண்டும். இரண்டு முனைகளிலிருந்தும் ஊற்றினால் நடுவில் முன்பற்களில் காற்று சிறைப்படும். சிரிக்கும்போது தெரியும் பல்லின் நுனிதான் அப்போது காணாமல் போகும். கலவை மறுமுனைக்கு வந்து எட்டிப்பார்த்த பிறகு பெரிய அளவில் நிரப்பலாம். மின்சாரம் நின்றுவிட்டால் பதற வேண்டாம். டிரேயைப் பிடித்த கையின் மணிக்கட்டை மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் அதே வேலை நடக்கும்.

பற்களும் ஈறும் மூடியதும், மேற்பரப்பை வழித்துச் சமன்செய்யாமல் மேடுபள்ளமாக விடுங்கள். பின்னர் வரும் பேஸ், அதாவது மாதிரியின் அடிப்பீடம், அதில்தான் பிடித்துக்கொள்ளும். ஈரமான மூடிய டப்பாவுக்குள், பற்கள் கீழ்நோக்கியபடி வைத்துவிடுங்கள். ஊற்றிய கையோடு டிரேயைக் கவிழ்க்கக் கூடாது. கவிழ்த்தால் கனமான துகள்கள் பேஸ் பக்கம் இறங்கி, தண்ணீர் பல் பக்கம் ஏறி, எந்த இடம் கல்லாக இருக்க வேண்டுமோ அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும்.

10, 15 நிமிடத்தில் பளபளப்புப் போய் இறுகத் தொடங்கியதும், பேஸுக்காக இன்னொரு கலவையைச் சற்றுக் கெட்டியாகச் செய்து, கண்ணாடிப் பலகைமேல் இட்லிபோல் குவித்து, டிரேயை அதன்மேல் கவிழ்த்து, அழுத்தாமல் அமர்த்துங்கள். கீழ்த்தாடை என்றால் நாக்கு இருக்கும் இடத்தில் கலவை ஏறி டிரேயைப் பூட்டிவிடாதபடி அப்போதே வழித்துவிட வேண்டும்.

பிரித்தலும் சீர்செய்தலும்

ஊற்றியதிலிருந்து 45 முதல் 60 நிமிடங்களுக்குள் பிரித்துவிடுங்கள். முன்னதாகப் பிரித்தால் பல் முறியும். மதிய உணவுக்குப் போய்விட்டு மாலையில் வந்து பிரித்தால், காய்ந்து விறைத்த ஆல்ஜினேட் மேற்பரப்பையும் கெடுத்து, மெல்லிய முன்பல்லையும் உடைத்துக்கொண்டு வரும். டிரேயின் ஓரத்தில் வழிந்த ஸ்டோனைக் கத்தியால் நீக்கிவிட்டு, பற்களின் நீளவாட்டத்தில் நேராகத் தூக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டக் கூடாது.

தேய்த்துச் சீராக்கும் இயந்திரமான ட்ரிம்மரில் பிடிக்கும் முன் மாதிரியை நனைக்க வேண்டும், ஆனால் வெறும் குழாய்த் தண்ணீரில் அல்ல. ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ இரண்டு கிராம் கரையும். வாளியில் இரவு முழுதும் கிடந்த மாதிரி தன் கூர்மையான விளிம்புகளை அந்த நீருக்கே கொடுத்திருக்கும். பழைய உடைந்த மாதிரித் துண்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு இரண்டு நாள் வைத்திருந்தால், அந்த நீர் ஏற்கெனவே ஜிப்சத்தால் நிறைந்திருப்பதால் புதிய மாதிரியை அரிக்காது. பேஸ் பற்களின் கடிக்கும் தளத்துக்கு இணையாகவும், மிக மெல்லிய இடத்திலும் 10 மில்லிமீட்டர் கனத்தோடும் அமையும்படி தேயுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்திருக்க வேண்டும். கழிவு நீரை நேராகச் சாக்கடைக்குழாயில் விட்டால் அது குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். ஒரு வாளியில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் கொட்டுங்கள்.

குறைகளைப் படிக்கத் தெரிந்தால் அடுத்த மாதிரி தானாகவே மேம்படும். பல்லின்மேல் சிறு உருண்டை ஒட்டியிருந்தால், குமிழ் அச்சில் இருந்தது என்று பொருள். பல்லில் குழி விழுந்திருந்தால், குமிழ் உங்கள் கலவையில் இருந்தது. கடிக்கும் பரப்பிலுள்ள உருண்டையைக் கூரிய கத்தியால் கவனமாகச் சீவிவிடலாம். உறை போடுவதற்காகத் தேய்த்த பல்லின் விளிம்பில் உருண்டையோ குழியோ இருந்தால் தொடாதீர்கள். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் புதிய அச்சு கேளுங்கள். நகத்தால் கீறினால் மாவு வரும் மாதிரி, கழுவாத அச்சிலிருந்தோ நீர்த்த கலவையிலிருந்தோ பிறந்தது.

இறுகி ஒரு மணி நேரமான மாதிரியின் வலு, முழுதும் உலர்ந்த பிறகு ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே அதன்மேல் மெழுகு வேலையை மறுநாள் தொடங்குவது நல்லது. அவசரத்துக்கு அடுப்பருகே வைத்துச் சூடாக்காதீர்கள், ஏனென்றால் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிகத்தில் கட்டுண்ட நீரே வெளியேறத் தொடங்கிவிடலாம். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு வைத்தால் போதும். ஈரம் காய்ந்ததும் பேஸின் பின்பக்கத்தில் நோயாளி எண்ணையும் ஊற்றிய தேதியையும் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை ஊறிப் பரவும்.