கிளினிக்குக்கு முதல்நாள் இரவு

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஹட்டனிலிருந்து கண்டிக்கு முதல் பஸ்ஸில் போவோம். டொக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும். அதனால் முதல்நாள் இரவே தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் உட்கார்ந்து, தம்பியின் பழைய கணக்குக் கொப்பியில் எழுதுவேன்: எந்த வகை, எத்தனையாவது கட்டம், மருந்து குணமாக்கவா, கட்டுப்படுத்தவா?

சிங்களத்தில் சொன்னால் சும்மா தலையாட்டாதீர்கள். அம்மா ஆட்டிவிட்டு வந்தார், பாதி விளங்கவில்லை. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேளுங்கள்.

கீமோ என்னும் புற்றுநோய் மருந்து ஏற்றும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் உடனே எங்கே போவது என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம், ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையால் எவ்வளவு பாரம் தூக்கலாம், எப்போது கொழுந்தெடுக்கப் போகலாம்? அம்மாவுக்கு அதுதான் முதல் கேள்வி.