சுட்ட மானை வண்டிக்குக் கொண்டுவருவது: வயதான வேட்டைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும். ஒன்பது நாள். (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே மான் கூட்டம் பெருகிவிடாமல் இருக்க மாநில அரசே உரிமம் கொடுத்து நடத்துகிறது.) நான் சேர்ந்து போகும் குழுவில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். குறி பார்ப்பதில் இளைஞர்கள் அவர்களிடம் பாடம் படிக்க வேண்டும். ஆனால் மான் விழுந்த பிறகு நடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நன்றாக வளர்ந்த ஆண் வெள்ளைவால் மான் 80 கிலோ வரும். குடலை எடுத்த பின்னும் 60 கிலோவுக்குக் குறையாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ‘நாற்பது வருஷப் பழக்கம், இதென்ன பிரமாதம்’ என்று தனியாக இழுக்கத் தொடங்குவது. 2007-ல் வெளியான மிச்சிகன் ஆய்வு ஒன்றில் 25 ஆண்களுக்கு இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியை மாட்டி வேட்டைக்கு அனுப்பினார்கள். அவர்களில் 10 பேருக்கு, டிரெட்மில் சோதனையில் எட்டிய உச்சத் துடிப்பையும் தாண்டிவிட்டது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி இருக்கும். சுட்ட பரபரப்பும் அடங்கியிருக்காது. அதற்கு மேல் கனமான உடுப்போடு இழுவை. மான் விழுந்ததும் முதலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்காவது போனில் சொல்லுங்கள். இழுக்கும்போது ஐம்பது தப்படிக்கு ஒருமுறை நில்லுங்கள். நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ வலி தெரிந்தால் மானை அப்படியே போட்டுவிட்டு அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

அடுத்தது, சுடும் இடத்தை யோசிக்காதது. பள்ளத்துக்குள் நிற்கும் மானைச் சுட்டால் மேட்டில் ஏற்றியாக வேண்டும். பரணை வண்டித்தடத்துக்குப் பக்கத்தில், மேட்டுப் பக்கமாக மான் வரும் இடம் பார்த்துப் போட்டால் பாதி வேலை அப்போதே முடிந்தது.

பின்னங்காலைப் பிடித்து இழுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். மயிர் எதிர்த்துக்கொண்டு நிற்கும், கொம்பு ஒவ்வொரு புதரிலும் மாட்டும். முன்னங்கால்களைத் தலையோடு சேர்த்துக் கட்டி, தலைப் பக்கமாக இழுத்தால் மயிர் படிந்து வழுக்கும். அதையும்விட நல்லது பிளாஸ்டிக் ஸ்லெட், அதாவது பனியில் சறுக்கி இழுக்கும் சக்கரமில்லாத வண்டி. பனி இல்லாத சருகுத் தரையிலும் அது நன்றாகவே வழுக்கும். ஆனால் இறக்கத்தில் அதற்கு முன்னால் நடக்காதீர்கள். ஒருமுறை எனக்குப் பின்னால் வந்த ஸ்லெட் கணுக்காலில் மோத, மான்மேலேயே விழுந்தேன். இறக்கத்தில் ஸ்லெட்டை முன்னால் விட்டு, பின்பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கயிற்றை இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. இரண்டு சக்கரக் கார்ட் என்றால் பாரம் அச்சுக்கு நேர் மேலே இருக்கும்படி கட்டுங்கள். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. மான்மீது ஆரஞ்சுத் துணி ஒன்றைச் சுற்றிவிடுங்கள். புதருக்குள் நகரும் கொம்பை மட்டும் பார்த்து இன்னொருவர் குறி வைத்துவிடலாம்.

முதுகை உடைக்கும் இடம் பிக்கப் (பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டி) பின்கதவு. தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம். இருவர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்லித் தூக்கும்போது ஒருவர் கை வழுக்கினால் முழுப் பாரமும் மற்றவரின் இடுப்பில் இறங்கும். நம் ஊர் வழியோரச் சுமைதாங்கிக் கல்லை நினைத்துப் பாருங்கள். தலைச்சுமைக்காரர் குனியாமல் இறக்கி, குனியாமல் ஏற்றிக்கொள்ளத்தான் அந்த உயரத்தில் கல் வைத்தார்கள். இங்கேயும் அதே கணக்குதான்: தரையிலிருந்து தூக்கும் நிலையே வரக்கூடாது. 240 சென்டிமீட்டர் நீள ராம்ப் (சாய்வுப் பலகை) போட்டால், 60 கிலோ மானை உருளைமேல் ஏற்ற 22, 23 கிலோ இழுவிசை போதும். வண்டித் தொட்டியின் முன்பக்கம் ஒரு கை வின்ச்சை (கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கருவி) மாட்டினால் அதுவும் உங்கள் தோளில் விழாது. மானோடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் இழுவிசை பாதியாகும், நேரம் இரட்டிப்பாகும். எஃகுக் கம்பி என்றால் அதன்மேல் கனமான கோட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அறுந்தால் சாட்டையாக அடிக்கும். இதெல்லாம் வாங்க முடியாதவர்கள், வண்டியைப் பள்ளத்தில் நிறுத்தி மேட்டிலிருந்து மானை நேராகத் தொட்டிக்குள் சறுக்கிவிடலாம். செலவே இல்லை.

ஏடிவி (காட்டுத் தடத்தில் ஓடும் சிறிய நான்கு சக்கர வண்டி) வைத்திருப்பவர்கள் முழு மானையும் பின் ராக்கில் ஏற்றி மேடு ஏறுவது ஆபத்து. முன்பக்கம் தூக்கி, வண்டி உங்கள் மேலேயே கவிழும். ஸ்லெட்டில் வைத்துப் பின்னால் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள்.

முழு மானாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதும் பழைய பிடிவாதம்தான். மாநில விதி அனுமதித்தால் அங்கேயே துண்டு போட்டு இரண்டு மூன்று நடையில் எடுக்கலாம். விஸ்கான்சினில் 2002 முதல் மான்களின் மூளையைத் தாக்கிக் கொல்லும் சிடபிள்யூடி என்ற தொற்றுநோய் இருப்பதால், தலையையும் முதுகெலும்பையும் எங்கே கொண்டுபோகலாம், எங்கே கூடாது என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் 74 வயதுக்காரர் ஒருவர் அக்டோபரிலேயே 60 கிலோ மணல் மூட்டையை ராம்ப்பில் ஏற்றிப் பழகினார். நவம்பரில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மான் வண்டியில் கிடந்தது. அவர் பின்கதவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.