நேர்கோடா, வளைகோடா? வரைவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்

அட்டவணையைப் பார்த்ததும் கிராஃப் தாளை எடுக்காதீர்கள், முதலில் அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் கணக்கை எடுத்துக்கொள்வோம்: 0, 10, 20, 30 டிகிரி செல்சியஸுக்கு 32, 50, 68, 86 வரும், ஒவ்வொரு முறையும் சரியாக 18 கூடுகிறது, அதனால் இது நேரியல், அதாவது புள்ளிகளைச் சேர்த்தால் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு. அது ஆதிப்புள்ளி (0, 0) வழியாகப் போகவில்லையே என்று குழம்ப வேண்டாம், போக வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் சதுரம். பக்கம் 1, 2, 3, 4 என்றால் சுற்றளவு 4, 8, 12, 16. இதுவும் நேர்கோடுதான். ஆனால் அதே சதுரத்தின் பரப்பளவு 1, 4, 9, 16. வித்தியாசம் 3, 5, 7 என்று மாறிக்கொண்டே போகிறது, சாய்வு ஒரே மாதிரி இல்லை, ஆக கோடு வளைந்துவிடும்.

ஒன்று கவனம்: இடது பக்க எண்கள் சம இடைவெளியில் இருந்தால்தான் இந்தக் கழித்தல் செல்லும். 1, 2, 5 என்று தாவினால், ஒய் (வலது பக்க எண்) மாற்றத்தை எக்ஸ் (இடது பக்க எண்) மாற்றத்தால் வகுத்துப் பாருங்கள், விடை ஒரே மாதிரி வந்தால் நேர்கோடு.

சமன்பாடு கொடுத்திருந்தால் எக்ஸுக்கு அடுக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதுதான் பலரும் விழும் குழி. எக்ஸ் × ஒய் = 12 என்பதில் அடுக்கே இல்லை, ஆனாலும் 1, 2, 3, 4 போட்டால் 12, 6, 4, 3 வரும். வளைகோடுதான்!