சங்கம் இல்லாத காவலர் தன் குறையை எழுதுவது எப்படி

தங்கச்சிமடத்தில் மீனவர்கள் ரயில் மறியலுக்கு உட்கார்ந்தால் காலையிலேயே ஒரு தாள் தயாராக இருக்கும். பிடித்து வைத்த படகை மீட்டுத் தர வேண்டும், இலங்கைச் சிறையில் இருப்பவர்களை விடுவிக்க வேண்டும், டீசல் மானியத்தைக் கூட்ட வேண்டும் என்று வரிசையாக டைப் அடித்து, சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டு, சாயங்காலத்துக்குள் அதிகாரி கையில் கொடுத்துவிடுவார்கள். பேச்சுவார்த்தை முறிந்தாலும் தாள் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த மறியலுக்குப் பந்தோபஸ்து நின்ற நான், முந்தின ராத்திரி பாரா (காவல் பணி) முடித்து அப்படியே வேனில் ஏறி வந்தவன். என் கோரிக்கையை யாரிடம் கொடுப்பது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆட்டோ ஸ்டாண்டுக்குச் சங்கம் உண்டு, உப்பளத்தில் உண்டு, மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறவர்களுக்குக்கூட உண்டு. காக்கிச் சட்டைக்குத்தான் கிடையாது.

இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால்தான் இதை எழுத முடிகிறது. பணியில் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஏன் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

1966-ல் வந்த காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்திலோ அரசியல் அமைப்பிலோ காவலர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்கிறது. பத்திரிகைக்குப் பேசக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது என்றும் சொல்கிறது. இலக்கியம், கலை, அறிவியல் என்றால் பரவாயில்லையாம். கவிதை எழுதலாம், கழிப்பறை இல்லை என்று எழுதக் கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசியல் சாசனத்தின் 33-ஆவது கூறு இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 1986-ல் டெல்லி காவலர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இதோடு 1922-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம் ஒன்றும் இருக்கிறது. போலீசாரிடையே அதிருப்தியைத் தூண்டும் வெளியாளைப் பிடிப்பதற்கானது அது. ‘எல்லாரும் ஸ்டிரைக் பண்ணுங்கள்’ என்று உங்கள் மச்சான் ஃபேஸ்புக்கில் வீரமாகப் போட்டால், அவர் தலைக்குத்தான் ஆபத்து.

சரி, அப்படியென்றால் எங்குமே சங்கம் கிடையாதா? உண்டு. ஆரியங்காவு தாண்டினால் கேரளத்தில் அரசு அங்கீகாரத்தோடு காவலர் சங்கம் இருக்கிறது. ஜெர்மனியில் போலீஸ் தொழிற்சங்கம் 1950-லிருந்து நடக்கிறது. அங்கே அரசு அலுவலர் அந்தஸ்தில் உள்ள போலீஸ்காரர் சங்கத்தில் சேரலாம், வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1989-ல், காவலர்களும் சிறைக் காவலர்களும் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். கனடாவில் மத்திய போலீசுக்குச் சங்கம் கூடாது என்று வெகு காலம் தடை இருந்தது. அவர்கள் தெருவில் இறங்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 2015-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தடை செல்லாது என்றது, 2019-ல் அவர்களுக்கென்று சங்கம் முறையாக வந்துவிட்டது. எங்கும் ஒரே விதி இல்லாததற்குக் காரணம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1948-ஆம் ஆண்டு ஒப்பந்தமே போலீசுக்கும் ராணுவத்துக்கும் இந்த உரிமை எவ்வளவு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டதுதான்.

வேலைநிறுத்தம் என்று யாராவது உங்கள் காதில் ஓதினால் பாஸ்டன் கதையைச் சொல்லுங்கள். 1919 செப்டம்பரில் அந்த ஊர் போலீசில் 1,100 பேருக்கு மேல் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். அத்தனை பேருக்கும் வேலை போனது, ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை. அவர்கள் இடத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கூடுதல் சம்பளமும் இலவசச் சீருடையும் கிடைத்தன. வெளியே போனவர்கள் கேட்டதும் அதைத்தான். போராட்டத்தை அடக்கிய ஆளுநர் கூலிட்ஜ் பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியே ஆகிவிட்டார்! அதே வருஷம் லிவர்பூலில் நின்றவர்களுக்கும் வேலை போனது. பிரிட்டிஷ் அரசு தொழிற்சங்கத்தைத் தடை செய்து, அதற்குப் பதிலாக ‘ஃபெடரேஷன்’ என்று ஒன்றைத் தானே அமைத்துக் கொடுத்தது.

ஆக, நமக்கு இருப்பது தனி மனு ஒன்றுதான். அதை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் நம் ஸ்டேஷன்களில் ரொம்பக் குறைவு. திருட்டுக் கேசுக்கு நுணுக்கமாக வாக்குமூலம் எழுதும் ரைட்டர்கூடத் தன் விஷயம் என்று வந்தால் ஒப்பாரி வைத்துவிடுகிறார்.

நானும் வைத்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், மகளுக்கு ஜன்னி கண்ட ராத்திரி, அதிகாரியிடம் வாயால் லீவு கேட்டேன். “பார்க்கலாம்” என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். மூன்றாம் நாள் வந்து நின்றால் கையில் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அதற்கு மூன்று பக்கம் பதில் எழுதினேன். மெஸ் சாப்பாடு, தொடர்ந்து பார்த்த நைட் டூட்டி, அந்த அதிகாரி பேசும் கெட்ட வார்த்தை, எங்கள் அப்பாவின் ஆஸ்துமா, எல்லாம் அதில் இருந்தது. விசாரித்தவர் அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டார்: ‘எழுத்துபூர்வ அனுமதி இன்றிச் சென்றது உண்மைதான்.’ ஒரு வருஷ இன்கிரிமென்ட் போயிற்று. அப்போது ஸ்டேஷனில் இருந்த ஏட்டையா ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ஒரு மனுவுக்கு ஒரு குறைதாண்டா. அழுகிறதாக இருந்தால் வீட்டில் போய் அழு.”

ஒரு மனு, ஒரு குறை. வார ஓய்வு கேட்கும் மனுவில் குவார்ட்டர்ஸ் ஒழுகுவதைச் சேர்க்காதீர்கள், அதற்கு வேறு தாள். அதிகாரியின் பெயரையும் குணத்தையும் விட்டுவிட்டுத் தேதி, மணி, இடம் மூன்றையும் போடுங்கள். ‘எப்போதும் லீவு தருவதில்லை’ என்பதைச் சண்டை என்று ஒதுக்கிவிடுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கடந்த மாதம் 1-ஆம் தேதி முதல் 30-ஆம் தேதி வரை எனக்கு வார ஓய்வு ஒரு நாளும் வழங்கப்படவில்லை. அந்நாட்களில் நான் பார்த்த பணி விவரம் கீழே தரப்பட்டுள்ளது. அரசாணைப்படி வார ஓய்வு வழங்குமாறும், ஓய்வு நாளில் பணி செய்ததற்கு மிகைநேர ஊதியம் வழங்குமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.’ அவ்வளவுதான். வார ஓய்வுக்கு 2021-ல் அரசாணையே வந்துவிட்டதால் நீங்கள் சலுகை கேட்கவில்லை, அரசு போட்ட உத்தரவைத்தான் ஞாபகப்படுத்துகிறீர்கள். அந்த அரசாணையின் எண்ணும் தேதியும் மனுவில் இருந்தால் கிளார்க்கே மறுபடி ஒருமுறை படிப்பார்.

கீழே போடும் அந்தப் பணி விவரத்துக்குத்தான் ஒரு பாக்கெட் நோட்டு வேண்டும். எத்தனை மணிக்கு ரோல் கால் (வருகைக் கணக்கெடுப்பு), எங்கே அனுப்பினார்கள், எப்போது திரும்பினோம் என்று தினம் இரண்டு வரி போதும். இந்தியாவில் ஒரு போலீஸ்காரர் சராசரியாக நாளைக்கு 14 மணி நேரம் வேலை பார்ப்பதாக 2019-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொன்னது. கணக்கு சரியாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் மனுவில் அதற்கு வேலை இல்லை. உங்களுடைய 14 மணி நேரம் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் காலண்டரையும் பாருங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இந்த இரண்டுக்கும் நடுவில் ராம்நாட்டில் லீவு கேட்பது சுவரிடம் பேசுவது மாதிரி. வெளி மாவட்டத்திலிருந்தே ஆயிரக்கணக்கில் இறக்கும்போது உள்ளூர்க்காரனை விடுவார்களா? பள்ளிக்கூட வராந்தாவில் கிட்பேக்கைத் தலைக்கு வைத்துப் படுத்து, காலையில் ஒரு குழாய்க்கு நாற்பது பேர் நின்று பல் விளக்கியவர்களுக்குத் தெரியும். தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் ராமேஸ்வரத்தில் அதே கதை. வீட்டுக் கல்யாணத்தை ஆவணி முதல் பாதிக்குள் முடித்துவிடுங்கள். லீவு மனுவை ஒரு மாதம் முன்பே, பத்திரிகையை இணைத்துக் கொடுங்கள்.

மனுவை ஆய்வாளர், டி.எஸ்.பி., எஸ்.பி. என்று வரிசைப்படிதான் அனுப்ப வேண்டும். நேராக மேலே அனுப்பினால் முதலில் அதற்கே மெமோ வரும். கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் முத்திரை போடத் தயங்கினால் பதிவுத் தபால். கூட்டு மனு வேண்டவே வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரே குறை என்றால் பத்துப் பேரும் தனித்தனியாகப் பத்து மனு எழுதுங்கள், ஒரே தாளில் பத்துக் கையெழுத்து விழுந்தால் சங்கம் சேர்க்கிறாய் என்று அர்த்தம் பண்ணிவிடுவார்கள். எஸ்.பி. காவலர்களை நேரில் விசாரிக்கும் ஆர்டர்லி ரூமில் நிற்கும் நாள் கிடைத்தால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள், கையில் மனுவின் நகல் இருக்கட்டும்.

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கடல் அட்டை, பீடி இலை மூட்டை கடத்தல் என்று ராத்திரியில் படகில் துரத்தப் போகும்போது லைஃப் ஜாக்கெட்டின் பட்டை அறுந்திருக்கிறது, ஒரு என்ஜின் மக்கர் பண்ணுகிறது என்றால், போவதற்கு முன்பே பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து எழுதினால் சாக்குச் சொல்வதாக இருக்கும். திரும்பி வராவிட்டால் எழுத ஆளே இருக்காது.

தங்கச்சிகளுக்கு: கிழக்குக் கடற்கரைச் சாலைச் செக்போஸ்ட்டில் கழிப்பறை இல்லாமல் தண்ணீரே குடிக்காமல் நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்க வெட்கப்பட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கியப் பிரமுகர் வருகைக்குப் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று 2021-லேயே சுற்றறிக்கை போனது. பெண்களுக்குக் காலை 7 மணி ரோல் காலை 8 மணிக்கு மாற்றும் அறிவிப்பு 2023-ல் வந்தது. அது உங்கள் ஸ்டேஷனை எட்டவில்லை என்றால் அதுவே ஒரு மனுவுக்குப் போதும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. காவலரும் குடிமகன்தானே. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘இந்தத் தேதியிட்ட என் மனு இப்போது எந்த நிலையில் உள்ளது, அதன் மீது எழுதிய குறிப்புகளின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. மனு கிடக்கும் மேசையை இது ஆட்டும். தண்டனை உத்தரவு என்றால் அப்பீல் காலக்கெடுவை விட்டுவிடாதீர்கள். அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. 2004-லிருந்து நமக்குச் சென்னைக்கு அலையும் வேலை இல்லை. அங்கேயும் முதலில் கேட்பது, துறையிடம் மனு கொடுத்தீர்களா, நகல் எங்கே என்பதுதான்.

வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பாதீர்கள். பேட்ச் குரூப்பில் இருநூறு பேர் இருந்தால் அதில் ஒருவராவது ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். வீடியோ போட்டு வைரலானவர்களுக்கு ஒரு வாரம் லைக் கிடைக்கும், அப்புறம் விசாரணைக்கு அலையும்போது கூட வர ஆள் இருக்காது.

வீட்டுக்காரர்களைத் தெருவில் இறக்கும் யோசனையும் நல்லதில்லை. கர்நாடகத்தில் 2016-ல் காவலர்களே கூட்டாக லீவு போட ஒரு நாள் குறித்தார்கள், நாள் வருவதற்குள் முன்னின்றவர் உள்ளே போய்விட்டார். தெலங்கானாவில் 2024-ல் பட்டாலியன் காவலர்களின் மனைவிமார் நிஜமாகவே சாலையில் உட்கார்ந்தார்கள். நடவடிக்கை விழுந்தது காவலர்கள் மேல். பலருக்குச் சஸ்பென்ஷன், சிலருக்கு வேலையே போனது. அதற்காக வீட்டில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. குவார்ட்டர்ஸில் தண்ணீர் வரவில்லை என்றால் அங்கே குடியிருக்கும் உங்கள் அம்மாவோ மனைவியோ திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் தன் பெயரில் மனு கொடுக்கட்டும். அவர்கள் பொதுமக்கள்தான்.

சங்கம் வேண்டுமா என்று கேட்டால் எனக்கு வேண்டும் என்றுதான் தோன்றுகிறது, ஒரு தயக்கத்தோடு. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலம் 1974-ல் போலீசுக்கு விசாரணைப் பாதுகாப்புகள் தந்து தனிச் சட்டம் போட்டது. மினியாபோலிசில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் செத்த மறுவருஷமே அதை நீக்கிவிட்டார்கள், தப்பு செய்தவரைத் தொட முடியவில்லை என்று. சாத்தான்குளம் இங்கிருந்து தூரமில்லை. லீவு கேட்கிறவனுக்கும் லாக்கப்பில் அடித்தவனுக்கும் ஒரே வக்கீலை வைக்கும் சங்கம் என்றால், அது இல்லாமலே நான் ஓய்வு பெற்றதில் எனக்கு வருத்தமில்லை.

தூக்கம் கெட்டு, குடி கூடி, துப்பாக்கியைப் பார்க்கும்போது வேறு நினைப்பு வருகிறது என்றால் இந்த மனு கினு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் மனநல உதவி எண் 14416 அல்லது சுகாதார உதவி எண் 104-க்குப் பேசுங்கள். பாராவில் நிற்கும்போது அப்படித் தோன்றினால் பக்கத்தில் இருப்பவரிடம் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். மெமோ வந்தால் வரட்டும், அதற்குப் பதில் எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக ஃபைல். நகல்களை ஸ்டேஷன் பெட்டியில் வைக்காதீர்கள், டிரான்ஸ்ஃபர் ராத்திரியில் வரும், பெட்டி உங்களோடு வராது. வீட்டில் வையுங்கள். ஸ்டேபிள் பின் மட்டும் போடாதீர்கள். மண்டபத்திலும் தொண்டியிலும் அடிக்கிற உப்புக் காற்றுக்கு ஆறே மாதத்தில் பின் துருப்பிடித்து, முத்திரை விழுந்த மூலையையே தின்றுவிடும். என் அப்பீல் நகல் ஒன்று அப்படித்தான் போனது. அதற்கப்புறம் வலை பின்னும் நைலான் நூலால் தைத்து வைத்தேன், இன்றைக்கும் பீரோவில் அப்படியே இருக்கிறது.