பரணில் கிடக்கும் பென்டியம் 3 பெட்டியை கேம் மெஷின் ஆக்குவது எப்படி?

பரணில் இருந்து இறக்கிய பழைய சிபியுவைத் தூசி தட்டி, பவர் கேபிளைச் சொருகி, உடனே சுவிட்சைப் போட்டுப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். பல போர்டுகள் அந்த ஒரு விநாடியில்தான் சாகின்றன. இருபது வருஷம் சும்மா கிடந்த மெஷினில் பிராசசரும் ராமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப் போவது எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), கெப்பாசிட்டர், ஹார்டு டிஸ்க். அதனால் இந்தச் செய்முறையில் பாதி கரண்ட் சமாச்சாரம். கேம் கடைசியில்தான் வரும்.

இங்கே எடுத்துக்கொள்வது பென்டியம் 3 அல்லது அதே காலத்து செலரான், 500 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை, விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனோடு. டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டூம் போன்ற டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி ஓட்டும் சிஸ்டம்) கேம்களும் ரோடு ராஷ், நீட் ஃபார் ஸ்பீடு 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற விண்டோஸ் கேம்களும் ஒரே பெட்டியில் ஓட இதுதான் தோதான வயது. ஜிடிஏ வைஸ் சிட்டி கேமுக்கு ஆசைப்பட வேண்டாம். 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ம் 32 எம்பி கிராஃபிக்ஸும் அதற்குக் குறைந்தபட்சத் தேவை. திக்கித் திணறித்தான் ஓடும்.

வாங்கி வைக்க வேண்டியவை

- சிஆர்2032 செல் ஒன்று
- டிஜிட்டல் மல்டிமீட்டர் (சாதாரணமானதே போதும்)
- ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், பென்சில் ரப்பர்
- தெர்மல் பேஸ்ட்
- 16 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, அதை ஐடிஇ கேபிளில் (பழைய ஹார்டு டிஸ்க்கின் பட்டைக் கேபிள்) மாட்டும் அடாப்டர், புது கம்ப்யூட்டருக்கான கார்டு ரீடர்
- சீரியல் எண்ணோடு உள்ள விண்டோஸ் 98 எஸ்இ சிடி

கையில் இருக்கும் பணத்தை முதலில் கிராஃபிக்ஸ் கார்டில் போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஃபிளாஷ் கார்டுக்கும் போக மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

1. திறந்து பார்ப்பது

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் வைத்து மதர்போர்டை நிதானமாகப் பாருங்கள். பிராசசரைச் சுற்றி உருளை உருளையாக நிற்பவை கெப்பாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். கொஞ்சம் உப்பியிருந்தாலோ, தலையில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ, அது போய்விட்டது. 1999-க்குப் பிறகு சில வருஷங்கள் தரமில்லாத எலக்ட்ரோலைட்டோடு வந்த கெப்பாசிட்டர்கள் ஏராளம். அந்தக் காலத்து போர்டுகளில் இது சர்வசாதாரணம்.

மாற்றுவதென்றால் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) வகை. சாதாரண ரேடியோ கடை கெப்பாசிட்டரைப் போட்டால் மெஷின் ஆன் ஆகும், கேம் ஆரம்பித்ததும் தொங்கும். கழற்றும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டரில் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ். போர்டில் அச்சடித்த அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள், எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி அச்சடிப்பதில்லை. சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் டிவி ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

பிறகு ராமைக் கழற்றி அதன் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். ஏஜிபி (கிராஃபிக்ஸுக்கான ஸ்லாட்), பிசிஐ (பொது ஸ்லாட்) கார்டுகளுக்கும் இதுவே. "ஆன் ஆகுது, ஆனா டிஸ்ப்ளே வரலை" என்ற புகாரில் கணிசமான பங்கு இந்த அழுக்குதான். ஹீட் சிங்க்கை எடுத்து, பாறையாய் காய்ந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டு, அரிசி மணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். சாக்கெட் 370 பிராசசர்களின் சிலிக்கான் பல மாடல்களில் மூடியில்லாமல் வெளியே தெரியும். ஹீட் சிங்க்கை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் மூலை உடைந்துவிடும். நேராக இறக்குங்கள்.

தேதியைக் காக்கும் சிமாஸ் செல்லை (வாங்கிய சிஆர்2032) இப்போதே மாற்றிவிடுங்கள். புது செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். பழையது 2.7-க்குக் கீழே போயிருந்தால் தேதி தங்காது. சில போர்டுகள் செல் சுத்தமாக இறந்திருந்தால் ஆன் ஆகவே மறுக்கும். போர்டே போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள்.

2. எஸ்எம்பிஎஸ்: தனியாகச் சோதித்த பிறகே போர்டில் மாட்டுங்கள்

முதலில் அதன் பின்னால் சிவப்பு நிற சின்ன சுவிட்ச் இருந்தால் அது 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-ல் இருக்கும்போது நம் வீட்டுக் கரண்டைக் கொடுத்தால் பட்டாசுச் சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

விசிறி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி, கரப்பான், எறும்புப் புற்று எதுவும் உள்ளே இருக்கலாம். செத்த பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே கிடந்தால் ஃபியூஸ் போகும். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது தொடக்கக்காரர்கள் வேலையல்ல. உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் 320 வோல்ட்டை ஒட்டிச் சார்ஜ் ஆகியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கும். சந்தேகமாக இருந்தால் வேறு வாங்கிவிடுங்கள்.

சோதனை இப்படி. போர்டில் இருந்து எல்லா கனெக்டரையும் கழற்றுங்கள். பழைய சிடி டிரைவ் ஒன்றை மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டுங்கள். லோடு இல்லாமல் பழைய எஸ்எம்பிஎஸ் சரியான வோல்ட் காட்டாது. பிளக் கழற்றிய நிலையில், 20 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு, பிறகு கரண்ட் கொடுங்கள். விசிறி சுற்றினால், மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரில் வைத்து மற்றவற்றை அளவெடுங்கள். சிவப்பு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை, மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை. இந்த எல்லைக்கு வெளியே இருந்தால் போர்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கினால் வாட்ஸைப் பார்த்து ஏமாறக்கூடாது. பென்டியம் 3 போர்டுகளில் பல, பிராசசருக்கான கரண்டை 5 வோல்ட்டில் இருந்து எடுப்பவை. இன்றைய எஸ்எம்பிஎஸ்ஸில் பலம் எல்லாம் 12 வோல்ட்டில்தான். லேபிளில் 5 வோல்ட்டுக்கு எதிரே 20 ஆம்பியர் அளவில் இருப்பதாகப் பாருங்கள். 24 பின் கனெக்டரில் 4 பின் தனியாகப் பிரிய வேண்டும்.

3. முதல் உயிர்

போர்டு, பிராசசர், ஒரே ஒரு ராம், டிஸ்ப்ளே, கீபோர்டு. வேறெதுவும் வேண்டாம். கேபினெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரை மறக்காமல் போர்டில் மாட்டுங்கள். பீப் சத்தம்தான் இந்த வயது மெஷின் பேசும் மொழி. அவார்டு கம்பெனியின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ராம். அதே ஸ்பீக்கரில்தான் டேவ் கேமின் சத்தமும் வரும் என்பதால் அதற்கு வேலை இன்னும் இருக்கிறது.

பிஎஸ்2 கீபோர்டையும் மவுஸையும் மெஷின் ஓடும்போது பிடுங்கி மாட்டாதீர்கள். போர்டில் உள்ள குட்டி ஃபியூஸ் போனால் இரண்டுமே வேலை செய்யாது.

டிஸ்ப்ளே வந்ததும் பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, ராம் அளவைப் பாருங்கள். 256 எம்பி தாராளம். 512-க்கு மேல் போட்டால் விண்டோஸ் 98 தன் கேஷுக்கு (டிஸ்க் தகவலைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) அளவுக்கு மீறி இடம் பிடித்து, "நினைவகம் போதவில்லை" என்று தலைகீழாகச் சொல்லும்.

4. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஃபிளாஷ் கார்டு

பழைய ஹார்டு டிஸ்க்கில் குடும்பப் போட்டோ ஏதாவது இருந்தால், முதலில் அதைப் புது கம்ப்யூட்டரில் யுஎஸ்பி அடாப்டர் வழியாக நகல் எடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள். அதன் இடத்தில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. அந்தக் கார்டுக்கே ஐடிஇ மொழி தெரியும், அடாப்டர் வெறும் இணைப்புப் பலகைதான். அதனால் டிரைவர் எதுவும் தேவையில்லை.

16 ஜிபிக்கு மேல் வேண்டாம். 1999-க்கு முந்தைய பல பயாஸ்கள் 32 ஜிபி எல்லையைத் தாண்டினால் அப்படியே உறைந்து நிற்கும். அடாப்டரின் ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். கேபிளின் சிவப்பு ஓரம் பின் 1 பக்கம். சிடி டிரைவை இரண்டாவது ஐடிஇயில் தனியாக மாட்டுங்கள்.

இப்போது சிடியில் இருந்து பூட் செய்து, சிடி சப்போர்ட்டோடு தொடங்கும் தேர்வை எடுங்கள். டிஸ்க்கைப் பார்ட்டிஷனாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் புரோகிராமை ஓட்டினால் பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்று முதலில் கேட்கும். ஆம் என்று கொடுத்து, முழு இடத்துக்கும் ஒரே பிரைமரி பார்ட்டிஷன் போடுங்கள்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். பார்ட்டிஷன் போட்டவுடன் ரீஸ்டார்ட் செய்யாமல் சி டிரைவை ஃபார்மட் செய்யப் போனால், 2 எம்பி டிரைவ் ஒன்று காட்டும். அது கார்டு அல்ல, பூட் ஆகும்போது ராமில் உருவான தற்காலிக டிரைவ். கார்டில் பார்ட்டிஷன் இல்லாததால் அது சி எழுத்தைப் பிடித்துக்கொண்டது. ரீஸ்டார்ட் செய்தால் டி-க்கு நகர்ந்துவிடும், சிடி டிரைவ் இ ஆகும். அதன் பிறகு ஃபார்மட் கட்டளை, சி கோலன், இடைவெளி விட்டு ஸ்லாஷ் எஸ். இந்த எஸ்தான் கார்டிலிருந்தே பூட் ஆக உதவும் ஃபைல்களை எழுதும்.

அடுத்து கார்டைக் கழற்றி, ரீடர் வழியாகப் புது கம்ப்யூட்டரில் போட்டு, சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரை முழுசாக அதில் நகல் எடுங்கள். ஃபார்மட்டைப் பழைய மெஷினிலேயே செய்யச் சொன்னதற்குக் காரணம், அந்த பயாஸ் கார்டைப் பார்க்கும் கணக்கு வேறாக இருக்கலாம் என்பது. புதியதில் ஃபார்மட் செய்து கொண்டுவந்த கார்டு சில சமயம் பூட் ஆகாது. திரும்ப மாட்டி, அந்த ஃபோல்டருக்குள் போய் செட்டப்பை ஓட்டுங்கள். இனி ஒவ்வொரு டிரைவர் போடும்போதும் "சிடியைப் போடு" என்ற நச்சரிப்பு இருக்காது.

5. டிரைவர்கள், வரிசை முக்கியம்

முதலில் சிப்செட் (போர்டின் முக்கிய சிப்கள்), பிறகு கிராஃபிக்ஸ், அப்புறம் டைரக்ட்எக்ஸ், கடைசியாக சவுண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ரீஸ்டார்ட். விஐஏ சிப்செட் போர்டில் முதல் படியைத் தாண்டினால் ஏஜிபி கார்டு பாதி வேகத்தில் ஓடும், அல்லது 3டி கேமில் தொங்கும்.

உங்கள் போர்டு இன்டெல் 810 என்றால் அதில் ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது; உள்ளே உள்ள கிராஃபிக்ஸ் போதவில்லையென்றால் பிசிஐ கார்டுதான் தேட வேண்டும். 440பிஎக்ஸ், 815 போர்டுகளில் ஏஜிபி உண்டு. ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் இந்த மெஷினுக்குப் போதுமான கார்டு. 3டிஎஃப்எக்ஸின் வூடூ3 நல்லதுதான், அந்தக் கம்பெனியின் கிளைடு முறைக்கு எழுதிய கேம்களுக்கு அதற்கு ஈடு இல்லை. ஆனால் இன்றைக்குச் சேகரிப்பவர்கள் கேட்கும் விலைக்கு நாலு மெஷின் உயிர்ப்பிக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழைய சரக்கு தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 3.3 வோல்ட் ஏஜிபி கார்டை இன்டெல் 845 போன்ற பென்டியம் 4 போர்டில் போட்டுச் சோதிக்கக் கூடாது. அது 1.5 வோல்ட் ஸ்லாட், போர்டே போய்விடும்.

டிவைஸ் மேனேஜரில் ஃபிளாஷ் கார்டுக்கு டிஎம்ஏ (பிராசசரைத் தொடாமல் நேராக ராமுக்குத் தகவல் அனுப்பும் முறை) டிக் போட்டால் வேகம் கூடும். சில மலிவு அடாப்டர்களில் அதற்கான இணைப்பே இருக்காது, அப்போது விண்டோஸ் பாதியில் நிற்கும். சேஃப் மோடில் போய் டிக்கை எடுத்துவிடுங்கள்.

6. டாஸ் கேமுக்குச் சத்தம்

போர்டிலேயே உள்ள ஏசி97 சவுண்டு விண்டோஸில் நன்றாகப் பாடும், டாஸில் ஊமை. காரணம், டாஸ் கேம்கள் டிரைவரைக் கேட்காமல் நேராக சவுண்டு பிளாஸ்டர் சிப்போடு பேசுபவை. போர்டில் கறுப்பான நீண்ட ஐஎஸ்ஏ ஸ்லாட் இருந்தால் ஒரு சவுண்டு பிளாஸ்டர் 16 அல்லது ஈஎஸ்எஸ் 1868 கார்டு போடுங்கள். ஐஎஸ்ஏ இல்லையென்றால் யமஹா ஒய்எம்எஃப்724 சிப் உள்ள பிசிஐ கார்டு அடுத்த வழி.

கேமின் செட்டப்பில் கொடுக்க வேண்டியவை: அட்ரஸ் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. ஐஆர்க்யூ 7 கொடுத்தால் பிரிண்டர் போர்ட்டோடு முட்டிக்கொண்டு சத்தம் விட்டுவிட்டு வரும். பயாஸில் ஐஆர்க்யூ 5-ஐ லெகசி ஐஎஸ்ஏ என்று ஒதுக்கி வையுங்கள், இல்லையென்றால் ஏதாவது பிசிஐ கார்டு அதைப் பிடித்துக்கொள்ளும். டூமின் செட்டப்பில் இதைப் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் மற்றவற்றிலும் பெரும்பாலும் வரும்.

7. வேகம் மிஞ்சினால்

டூம் விநாடிக்கு 35 பிரேமுக்கு மேல் போகாதபடி எழுதப்பட்டது, எந்த மெஷினிலும் ஒழுங்காக ஓடும். 1990-ல் வந்த விங் கமாண்டர் அப்படியல்ல. பிராசசர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் பறந்து, கண்ணில் படும் முன் எதிரி சுட்டுவிடுவான். பயாஸில் சிபியு இன்டர்னல் கேஷை அணைத்தால் பென்டியம் 3 தவழும் வேகத்துக்கு இறங்கிவிடும். கேம் முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள், இல்லையேல் விண்டோஸ் ஏற டீ குடித்துவிட்டே வரலாம். டர்போ பாஸ்கலில் எழுதிய சில பழைய கேம்கள் "ரன்டைம் எரர் 200" காட்டி வெளியேறும். அதுவும் வேகம் மிஞ்சியதால் வரும் கோளாறே: காத்திருக்கும் நேரத்தை அளக்கும் கணக்கில் எண் வழிந்துவிடுகிறது. அதற்கான சின்ன பேட்ச் ஃபைல்கள் கிடைக்கின்றன.

8. திரை

சிஆர்டி (பழைய படக்குழாய்) மானிட்டர் நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும். விண்டோஸில் 85 ஹெர்ட்ஸ் வையுங்கள், 60-ல் கண் கூசும். அதன் பின் மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். எல்சிடி என்றால் 15 இஞ்ச், 4க்கு 3 வடிவம் தேடுங்கள். அகலத் திரையில் மெனுவில் 4க்கு 3 தேர்வு இல்லையென்றால் டேவ் குண்டாகத் தெரிவார். டாஸ் கேம்களின் 320க்கு 200 படத்தை எல்சிடிகள் எழுத்துத் திரை என்று தவறாக நினைத்து மங்கலாகக் காட்டுவது சகஜம். கேபிளையோ கார்டையோ குறை சொல்லி மாற்ற வேண்டாம்.

9. கார்டின் நகல்

இந்த மெஷினை இணையத்தில் இணைக்க வேண்டியதில்லை, கேம் ஃபைல்களைக் கார்டு ரீடர் வழியாகவே ஏற்றலாம். எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே கார்டைப் புது கம்ப்யூட்டரில் போட்டு, முழு டிஸ்க் இமேஜ் ஒன்று எடுத்து வையுங்கள். ஃபோல்டர்களை மட்டும் நகல் எடுத்தால் பூட் பகுதி வராது. ரீடரில் போடும்போது புது விண்டோஸ் "ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்றோ "ஃபார்மட் செய்யவா" என்றோ கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கார்டு என்றைக்காவது போனால், அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு கார்டில் அந்த இமேஜை எழுதி மாட்ட வேண்டியதுதான்.