ஓநாய் திரும்பி வந்த இடத்தில் மந்தையைக் காப்பது எப்படி

அமெரிக்காவின் மொன்டானாவிலோ ஐடஹோவிலோ கொலராடோவிலோ மாடு, ஆடு வைத்திருக்கிறீர்கள், பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓநாய்த் தடம் பார்த்ததாக யாரோ சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். முதல் கன்று சாகும்வரை காத்திருந்தால் தாமதம்தான், ஏனென்றால் கன்று எளிதாகக் கிடைக்கும் இரை என்று ஓநாய்க் கூட்டம் ஒருமுறை பழகிவிட்டால் அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகவும் கஷ்டம், அப்புறம் பெரும்பாலும் துப்பாக்கியில்தான் போய் முடிகிறது.

முதல் வேலை, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது. குளிர்காலத்தில் செத்த மாடு, கன்று ஈன்றபின் விழும் இளங்கொடி எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்துப்போடும் வழக்கம் பல பண்ணைகளில் உண்டு. அந்த வாடைக்கு வரும் ஓநாய் நாலடி தள்ளி நிற்கும் கன்றையும் பார்த்துவிடும். மொன்டானாவின் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் பண்ணை பண்ணையாக வண்டியில் போய்ச் செத்த மாடுகளை எடுத்து வந்து மக்க வைத்து உரமாக்குகிறார்கள். கிரிஸ்லி கரடிகளை விலக்கி வைக்கத் தொடங்கிய ஏற்பாடு அது, ஓநாய்க்கும் உதவுகிறது. நீங்கள் மட்டும் சுத்தமாக இருந்து பக்கத்துப் பண்ணையில் பிணக்குழி இருந்தால் பிரயோஜனம் இல்லை, அதனால் அவரிடம் போய்ப் பேசுங்கள். எனக்குக் கேட்டால் மின்வேலியைவிட இந்தப் பேச்சுதான் முக்கியம்.

அடுத்து கொடிக்கயிறு. கிழக்கு ஐரோப்பாவில் ஓநாயை வளைத்து வேட்டையாடப் பயன்படுத்திய பழைய உத்தி இது. கயிற்றில் சுமார் 50 செ.மீ. இடைவெளியில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டுப் பட்டியைச் சுற்றிக் கட்ட வேண்டும், துணியின் நுனி தரையை ஒட்டி ஆட வேண்டும். ஆடும் துணியைத் தாண்ட ஓநாய் பயப்படும், ஆனால் சுமார் 2 மாதத்தில் அந்தப் பயம் தெளிந்துவிடும். வருடம் முழுக்கக் கட்டி வைக்காமல் கன்று ஈனும் வாரங்களுக்கு மட்டும் கட்டுங்கள், தினமும் ஒரு சுற்று நடந்து சுருண்ட துணிகளைப் பிரித்துவிடுங்கள். மின்சாரம் பாய்ச்சிய கயிறு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ஆயிரக்கணக்கான ஏக்கர் திறந்த மேய்ச்சலுக்கு இது ஆகாது.

அங்கே ஆள்தான் வேண்டும். குதிரையில் தினமும் மந்தையைச் சுற்றி வருபவர் இருந்தால் நொண்டும் மாடு, தனியாக ஒதுங்கிய கன்று எல்லாம் உடனே கண்ணில் படும். ஆடு என்றால் இரவில் கிடை போட்டு, பக்கத்தில் ஆள் படுத்து, மின்னும் விளக்கும் சத்தமும் இடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கிரேட் பைரனீஸ், அக்பாஷ் போன்ற காவல் நாய்களைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்க்க வேண்டும், ஒற்றை நாயை மட்டும் விடாதீர்கள், ஓநாய்க் கூட்டம் அதைக் கொன்றுவிடும். ஐடஹோவின் வுட் ரிவர் பகுதியில் இவற்றையெல்லாம் சேர்த்து 7 ஆண்டுகள் செய்து பார்த்தார்கள். இந்த ஏற்பாடுகள் இல்லாத பக்கத்துப் பகுதியில் ஓநாய்க்குப் பலியான ஆடுகள் 3.5 மடங்கு அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கன்று செத்துக் கிடந்தால், தொடாதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடுங்கள், தடங்களை மிதிக்காமல் படம் எடுங்கள், உடனே வனவிலங்குத் துறையைக் கூப்பிடுங்கள். அவர்கள் தோலை உரித்து, கடித்த இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உயிரோடு இருந்தபோது கடிபட்டால்தான் ரத்தம் கட்டும், செத்தபிறகு தின்றிருந்தால் கட்டாது. நஷ்டஈடு இதை வைத்துத்தான் கிடைக்கும், கொலராடோவில் ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை. எலும்புகூடக் கிடைக்காமல் காணாமல் போகும் கன்றை நிரூபிப்பது எவ்வளவு சிரமம் என்று பண்ணைக்காரர்கள் சொல்வது முழுக்க நியாயம், அதனால் தலைக்கணக்கைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஓநாயை எப்போது சுடலாம் என்ற சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

வேட்டைக்காரர்களின் குறை வேறு, ஓநாய் வந்ததும் எல்க் என்னும் பெரிய மான் குறைந்துவிட்டது என்பது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995ல் ஓநாயை விடுவதற்குச் சற்று முன் வடக்குப் பகுதி எல்க் மந்தையில் சுமார் 19,000 மான்கள் இருந்தன, 2013 வாக்கில் 4,000 அளவுக்கு வந்தது. ஓநாய்க்கு அதில் பங்கு உண்டு, கரடிக்கும் மலைச்சிங்கம் எனப்படும் பூமாவுக்கும் வறட்சிக்கும் வேட்டைக்கும்கூட உண்டு. ஓநாய் உலவும் காட்டில் எல்க் திறந்த வெளியில் நிற்பதைக் குறைத்துக்கொண்டு மரச்செறிவுக்குள் ஒதுங்கும், எனவே பழைய இடத்திலேயே உட்கார்ந்து காத்திருக்காமல் தேடி நடங்கள்.

வேட்டை நாய் கொண்டுபோகிறவர்களுக்கு ஆபத்து அதிகம். விஸ்கான்சினில் கரடி வேட்டைக்கு நாயைப் பழக்கும் கோடைக்காலமும் ஓநாய்க்குட்டிகள் வளரும் காலமும் ஒன்றாக வருகின்றன, அந்நிய நாய் நுழைந்தால் ஓநாய் கொல்லத்தான் பார்க்கும். நாய்கள் தாக்கப்பட்ட இடங்களை அந்த மாநிலத் துறை வரைபடத்தில் குறித்து வெளியிடுகிறது, கிளம்புமுன் அதைப் பாருங்கள். புதுத் தடமோ எச்சமோ கண்டாலும், பக்கத்தில் ஊளை கேட்டாலும், நாய்களை அவிழ்க்காமல் வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்குப் போய்விடுங்கள்.