மார்கழிக் கொல்லையில் பறவை பார்ப்பதும் படம் எடுப்பதும்

காவிரிப் படுகையின் சிற்றூர்களில் வீட்டுக்குப் பின்னால் கொல்லை வைத்திருப்பவர்கள், ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை, வலசைப் பறவைகளைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் ஆறுமணிக்குருவி, கிழக்காசியாவிலிருந்து வரும் கொடிக்கால் வாலாட்டி, வடக்கிலிருந்து இறங்கும் மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான், ப்ளைத் நாணல் கதிர்க்குருவி ஆகியவை வாழைக்கும் முருங்கைக்கும் நடுவே வந்து தங்குகின்றன. இவற்றைப் படம் எடுக்க விரும்புபவர் வழக்கமாகச் செய்யும் முதல் தவறு, கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவையின் பின்னால் நடப்பதுதான். நடப்பவரைக் கண்டு விலகும் பறவை, அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவரைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, எங்கே உட்காருவது, அதற்கு முன் கொல்லையில் எதைச் செய்து வைப்பது என்பவற்றைத்தான் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால், எந்தப் பறவை எந்த மூலையில் இருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். ஆறுமணிக்குருவி வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்னும் இருட்டுவதற்குச் சற்று முன்னும் இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும். அதன் பெயருக்கும் அதுவே காரணம். வேலிக்குள்ளிருந்து ‘டெக், டெக்’ என்று நாக்கைச் சொடுக்குவது போன்ற ஒலி வந்தால் அது பெரும்பாலும் நாணல் கதிர்க்குருவி. (அடர்ந்த செம்பருத்திக்குள் ஒரு நொடிகூட நிற்காத அந்தப் பழுப்புக் குருவியைப் படம் எடுக்கும் முயற்சியை நான் எப்போதோ விட்டுவிட்டு, குரலோடு நிறுத்திக்கொண்டேன்.)

கொல்லையைப் பெருக்கக் கூடாது என்பதை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. ஆறுமணிக்குருவி தரையில் தத்தித் தத்திச் சென்று, உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழுக்களையும் பூச்சிகளையும் தின்னும் பறவை. மாமரத்தடியில் விரல் ஆழத்துக்குச் சருகு கிடந்தால்தான் அதற்கு அங்கே வேலை இருக்கும். ஓர் ஆண்டு போகிக்கு முன் எங்கள் கொல்லையைத் துப்புரவாகக் கூட்டி எரித்தோம். அன்று அந்தியில் சீழ்க்கை கேட்கவில்லை, அந்தப் பருவம் முழுவதும் பிறகு கேட்கவும் இல்லை. அதிலிருந்து வாசலுக்கு மட்டும்தான் விளக்குமாறு.

அடுத்தது தண்ணீர். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் குட்டை நிற்பதால் நாம் வைக்கும் தண்ணீரைப் பறவைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை ஓய்ந்து நிலம் காயும் தை மாதத்திலிருந்துதான் அதற்கு மதிப்பு. அகலமான மண் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, நடுவில் ஒரு கல்லையும் வைத்தால் சின்னானும் குண்டுக்கரிச்சானும் குளிக்க இறங்கும். பூனை பதுங்க முடியாத திறந்த இடமாகவும், பறந்தால் உடனே ஏறிக்கொள்ள ஒரு கிளை அருகில் உள்ள இடமாகவும் அது இருக்க வேண்டும். கொசு முட்டையிடாதிருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த முருங்கைக் கிளை ஒன்றை நட்டு வைத்தால், இறங்கும் முன் பறவை அதில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும். நமக்கு வேண்டிய படம் அந்தச் சில நொடிகளில்தான் கிடைக்கும். கிளைக்குப் பின்னால் பத்தடி, பதினைந்தடி வெற்றிடம் இருந்தால் பின்புலம் கலங்கிப் பச்சையாகத் தெரியும்.

மார்கழி, தை மாதங்களில் சூரியன் நேர்கிழக்கில் அல்லாமல் தென்கிழக்கில் எழுவதால், முதுகு தென்கிழக்கு நோக்கி இருக்குமாறு உட்கார்ந்தால் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பறவையின் மேல் நல்ல வெளிச்சம் விழும். சமையலறை ஜன்னல் வடமேற்கு நோக்கி வாய்த்தவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்கள் வாழை மறைவில் ஒரு கோணியைக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் குட்டை முக்காலியில் உட்காரலாம். தரையில் மேயும் பறவையை நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் தெரியும். ஆகவே உமியோ மணலோ நிரப்பிய சிறு பையைத் தரையில் வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாய்த்து, பறவையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும்.

300 அல்லது 400 மி.மீ. லென்ஸ் கொல்லைக்குப் போதும். கிளையில் துள்ளும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி என்பது பொது அளவு. ஆனால் மரத்தடி இருட்டில் ஆறுமணிக்குருவிக்கு அந்த வேகம் கட்டுப்படியாகாது. அது நாலு தத்து தத்தி ஒரு கணம் சிலைபோல நிற்கும் என்பதால், கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை ஏற்றி, அந்த நிற்கும் கணத்தில் 1/125-இலேயே எடுக்கலாம். வெள்ளை நிற ஆண் அரசவால் ஈப்பிடிப்பான் நிழலில் பறக்கும்போது, கேமரா சுற்றிலும் உள்ள கருமையை அளந்து பறவையை வெளுக்கடித்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும். பனிமூட்ட வானத்தின் முன் கருநிறக் கரிச்சானை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக ஒரு படி கூட்ட வேண்டும். எப்போதும் ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். பனி இறங்கும் காலையில் லென்ஸின் முன்னால் குழல்போல நீளும் முன்மூடி (ஹூட்) அவசியம். வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது, கூட்டை நெருங்குவது, ஆந்தையின் மேல் ஃபிளாஷ் அடிப்பது ஆகியவற்றைச் செய்யவே வேண்டாம். ஐப்பசியில் நெடுந்தூரம் பறந்து களைத்த ஆறுமணிக்குருவி சில சமயம் வீட்டுக்குள் வந்து விழும். அப்போது படம் எடுத்துக்கொண்டிராமல், வாயில் தண்ணீரும் புகட்டாமல், துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து இருட்டில் சந்தடியின்றி ஓய்வெடுக்க விட்டு, தெளிந்ததும் மரத்தடியில் திறந்துவிட வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் கேமராவுக்குச் சமமான கருவி. 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், பண்டிகை நாட்களில் குறைந்தது 15 நிமிடம் பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவு செய்கிறார்கள். கொல்லையில் உட்கார்ந்தபடியே அதில் கலந்துகொள்ளலாம். மற்ற நாட்களில் வருகையைக் குறிப்பது எளிது, ஏனென்றால் முதல் சீழ்க்கை கேட்ட அன்றே தெரிந்துவிடும். புறப்பாடு அப்படியல்ல. பங்குனியில் ஓர் அந்தியில் கேட்டதுதான் கடைசிச் சீழ்க்கை என்பது அடுத்த சில நாட்கள் கேட்காமல் போன பிறகே தெரியும் என்பதால், அந்த மாதத்தில் மட்டும் கேட்டதையும் கேட்காததையும் அன்றாடம் எழுதி வைக்க வேண்டும்.